பதினான்காம் வாய்ப்பாடு

அந்தக் கணக்கு வாத்தியாரை விருத்தாசலம் பஸ் நிலையத்தில் எப்போதாவது பார்க்க நேர்ந்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். திட்டக்குடி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருப்பார். நெற்றியில் திருநீறு, கையில் சாப்பாட்டுப் பை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக, "நல்லா இருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்பார். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் பெரிய தொல்லை. கெடுதல் செய்தவரை நாலு வார்த்தை திட்டி ஆற்றிக்கொள்ளலாம். நல்லது செய்த மனிதர்மேல் வயிறெரிந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

நான் சிறப்பாசிரியை. பேச்சு வராத, பார்வை குறைந்த, மற்றவர்களைவிட மெதுவாகக் கற்கிற பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிகளில் சொல்லித் தருகிற வேலை. எங்களுக்கென்று தனியாக ஒரு பள்ளி கிடையாது. வட்டாரத்தில் எங்கே தேவையோ அங்கே போக வேண்டும். இன்று ஒரு ஊர், நாளை ஒரு ஊர் என்று ஸ்கூட்டியில் சுற்றுவோம். ஆனால் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியில் மட்டும் நான் வாரத்தில் பாதிக்கு மேல் இருந்தேன். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களில் பலர் பொம்மைக் கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். அச்சில் மண்கூழ் ஊற்றுவது, காய்ந்த பொம்மையின் பிசிறைச் சுரண்டுவது, வண்ணம் தீட்டுவது. பள்ளி வாசலில் உடைந்த பீங்கான் சில்லு எப்போதும் கிடக்கும். "செருப்பப் போடுடா" என்று கத்தித்தான் எங்கள் காலை தொடங்கும்.

நான் அங்கேயே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு பெண்பிள்ளை. முதன்முதலில் பார்த்தபோது மூன்றாம் வகுப்பில் இருந்தாள். பேச்சு இல்லை என்றே சொல்லலாம். அவள் அம்மாவுக்குப் புரிகிற ஏழெட்டு ஒலிகள் உண்டு, அவ்வளவுதான். அவ்வப்போது வலிப்பு வரும். அம்மா பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற வேலையில் இருந்தார். நாள் முழுக்கக் கண் எழுதிவிட்டுச் சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போக வரும்போது அந்த அம்மாவின் கண் சிவந்திருக்கும்.

நான் அந்தப் பள்ளிக்குப் போன முதல் வாரமே, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளுக்கு வலிப்பு வந்தது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்தாள். பள்ளிக்கூடமே அலறியது. "இரும்பு குடுங்க, இரும்பு" என்று ஒருவர் கத்த, இன்னொருவர் ஆபீஸ் சாவிக் கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். வேறொருவர் வாயில் வைக்கக் கரண்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஒருவர் சொம்புத் தண்ணீரோடு தயாராக நின்றார். எல்லோரும் பி.எட். முடித்தவர்கள். நான் சாவியைப் பிடுங்கி வீசினேன். கரண்டிக்காரரை ஒரு தள்ளு தள்ளினேன். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு என் கைப்பையைக் கொடுத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்திவிட்டு, வாட்ச்சைப் பார்த்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நின்றது. சுற்றி நின்ற கூட்டம் சாமி வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது. பொய் சொல்வானேன், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து அவள் என் பொறுப்பு. பழைய நூலக அறையை எனக்கு ஒதுக்கித் தந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் பக்கத்து அறை அது. நடுவில் சுவர் கிடையாது, பலகைத் தடுப்புதான். அங்கே ஐந்தாறு பிள்ளைகளோடு அவளும் இருந்தாள். அவள் அழுதால், அடம்பிடித்தால், சாப்பாட்டைத் தள்ளிவிட்டால், பள்ளியின் எந்த மூலையிலிருந்தும் எனக்கு ஆள் வரும். "டீச்சர், உங்க பாப்பா கூப்பாடு போடுது, சீக்கிரம் வாங்க." உங்க பாப்பா. எனக்குக் கல்யாண வயதில் மகன் இருக்கிறான். ஆனாலும் அந்த 'உங்க' என்ற சொல்லுக்காக நான் வெயிலில் ஓடியிருக்கிறேன். அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. என் கையைப் பிடித்து, வளையல்மேல் நெற்றியை வைத்து அழுத்திக்கொள்வாள். கண்ணாடி வளையலின் குளிர்ச்சி அவளுக்கு வேண்டியிருந்தது. வேறு யார் கையிலும் அவள் அப்படிச் செய்ததில்லை. நான் அதைக் கவனித்து வைத்திருந்தேன்.

இத்தனைக்கும் பயிற்சி வகுப்புகளில் நான் பேசுவது வேறு. "தனி அறையில வெச்சு வளக்கறதுக்கு இவங்க என்ன நாற்றங்கால் பயிரா? எல்லாப் பிள்ளைங்களும் ஒரே வகுப்புல உக்காரணும். ஒரே ஆள நம்பி ஒரு குழந்தை இருக்கக் கூடாது" என்று மேடையேறி முழங்குவேன். கைதட்டல் பிரமாதமாக இருக்கும். மறுநாள் என் அறைக்குப் போய் உட்கார்ந்து, அந்த ஒரே ஆளாக இருப்பதை அனுபவிப்பேன்.

இந்த ஏற்பாட்டைக் கலைக்க ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு தலைமையாசிரியை மாறுதலாகி வந்தார். குள்ளமான உருவம், உரத்த குரல். ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்து, பகிர்ந்த தலைமை என்று ஆரம்பித்தார். முதல் கூட்டத்திலேயே, "இந்த ஸ்கூல நான் ஒருத்தியேதான் தூக்கிச் சொமக்கணும்னு எங்கனா எழுதி வெச்சிருக்குதா? நான் ரெண்டு நாளு லீவு போட்டா ஸ்கூலு படுத்துக்குது. இனிமே ஆளுக்கு ஒரு வாரம் தலைமை. முடிவெல்லாம் வெள்ளிக்கெழம எல்லாரும் உக்காந்து எடுக்கறது" என்றார்.

எங்கள் பள்ளியில் மணி என்பது தண்டவாளத் துண்டு. ஜங்ஷன் ஊருக்கு அதற்கென்ன பஞ்சம். அதை அடிக்கிற இரும்புக் கம்பி யார் மேஜைமேல் இருக்கிறதோ அவர்தான் அந்த வாரத் தலைமை. மணி அடிப்பதிலிருந்து காலை உப்புமா வேகாத தகராறு வரைக்கும் அவர்தான் பார்க்க வேண்டும். முதல் மாதம் எல்லோரும் சிரித்துக்கொண்டே செய்தார்கள். பிறகு நிஜமாகவே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கு வாத்தியார் தன் வாரம் வந்தால் அந்தக் கம்பியைத் துடைத்து வைப்பார். நான் அதைப் பார்த்துக் கேலி செய்வேன். தலைமையைப் பங்கு போடுவது எனக்கு ரொம்ப நல்ல யோசனையாகத்தான் பட்டது, என் பங்கில் கை வைக்காத வரைக்கும்.

கை வைத்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமைக் கூட்டம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்ததால் அந்தப் பெண்ணின் அம்மாவும் வந்திருந்தார். அவள் அப்போது ஐந்தாம் வகுப்பு, பெயரளவில். பாடமெல்லாம் என் அறையில்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்து, "டீச்சர், போன மாசம் நீங்க கடலூரு ட்ரெயினிங் போயிருந்தப்ப இந்தப் பொண்ண இன்னா பண்றதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. அவங்க அம்மாவ வேலையில இருந்து வரவெச்சு வூட்டுக்கு அனுப்பிட்டோம். இது சரியா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

"சரியில்லதான் மேடம்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்னேன். உள்ளுக்குள் எனக்குச் சர்க்கரை கரைந்தது. நான் இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் தடுமாறுகிறது என்பதைவிட இனிப்பான செய்தி வேறென்ன இருக்கிறது?

"அப்ப அவ அஞ்சாங் க்ளாஸ்லயே உக்காரட்டும். பொறுப்ப நம்ம எல்லாரும் பிரிச்சுக்குவோம். நீங்கதான மேடை மேடையா இதச் சொல்றீங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கணக்கு வாத்தியார் எழுந்தார். ஐந்தாம் வகுப்பு அவருடையது. "மேடம், கோச்சிக்காதீங்க. எனக்கு ஃபிட்ஸுன்னா ஆவாது. கை காலு வெடவெடன்னு ஆடும். என் க்ளாஸ்ல வேணாம்" என்றார். அவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் தலைமையாசிரியை விடுகிற ஆளில்லை. அரைப் பரீட்சை வரை வைத்துப் பார்ப்போம், முடியவில்லை என்றால் பழையபடி டீச்சர் அறைக்கே போகட்டும் என்றார். நல்லபடியாகப் போனால் என்னைப் பெரும்பாலான நாட்கள் கம்மாபுரம் பக்கத்துப் பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்று வட்டாரத்தில் கேட்கிறார்கள் என்பதையும் போகிற போக்கில் சொன்னார். அவள் அங்கே நிலைத்தால் நான் வெளியே. விஷயம் அவ்வளவுதான்.

அம்மாவைக் கேட்டார்கள். அவர் என்னைத்தான் பார்த்தார். "எனக்கு இன்னா தெரியும் மேடம்? டீச்சரு சொன்னா சரி." எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். மேடையில் பேசிய பேச்சையெல்லாம் வைத்துக்கொண்டு நான் எப்படி மாட்டேன் என்பது? சரி என்றேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். "வலிப்பு வந்தா உடனே என்னைக் கூப்பிடணும்."

"அய்யய்யோ, உங்களக் கூப்பிடாம வேற யாரக் கூப்பிடப் போறேன் டீச்சர்?" என்றார் கணக்கு வாத்தியார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் அடுத்த சில மாதங்களை ஓட்டினேன்.

ஐந்தாம் வகுப்புக்கு வலிப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் பாடம் எடுத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே தரையில் படுத்து, வலிப்பு வந்தவளாக நடித்தேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு என்னை உருட்டினார்கள், தலைக்குப் பை வைத்தார்கள். இரும்பு வேண்டாம், தண்ணீர் வேண்டாம், வாயில் ஒன்றும் வைக்க வேண்டாம், பிடித்து அமுக்க வேண்டாம், பெஞ்சைத் தள்ளிப்போட்டு இடம் விடுங்கள், நேரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். கணக்கு வாத்தியார் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், வெளிறிப்போய் நின்றார்.

"டீச்சர், க்ளாஸ் கடிகாரம் ஓடல. செல்லும் ஆபீஸ்லதான் இருக்கும். டயம் எப்படிப் பாக்கறது?" என்று கேட்டார்.

"பேட்டரி மாத்துங்க."

"மாத்தியும் பாத்துட்டேன், மெஷினே போச்சு. அது போவட்டும், கத்தக் கூடாதுன்றீங்க. பசங்க பயத்துல கத்துவாங்களே?"

"அது உங்க பாடு சார்" என்றேன். பயந்த மனிதரிடம் பேசுகிற பேச்சா அது என்றால் இல்லைதான். ஆனால் என் எரிச்சல் என் நாக்கில்தான் முதலில் வந்து உட்காரும்.

முதல் வாரம் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். இடைவேளை மணி அடித்ததும் அவள் நேரே என் அறைக்கு வந்துவிடுவாள். நெற்றியை வளையலில் வைத்து அழுத்துவாள். நான் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, "வந்துட்டியா தங்கம்" என்று கொஞ்சுவேன். இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். பிறகு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் கடைத்தெருவுக்குப் போய் இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன், பச்சையும் சிவப்புமாக. இந்த வயதில் கையை நிறைத்துப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். வீட்டுக்காரர், "என்ன, வளைகாப்பா?" என்றார். அவளோ ஒரு பார்வை பார்த்துவிட்டு, சக பெண் ஒருத்தியின் பின்னல் நுனியைப் பிடித்துக்கொண்டு கைகழுவப் போய்விட்டாள்.

சாப்பாடு விஷயம் இன்னும் மோசம். முட்டையின் வெள்ளையையும் மஞ்சளையும் பிரித்து, மஞ்சளைச் சோற்றில் மறைத்து, வெள்ளையைத் தனியாக வைத்தால்தான் அவள் சாப்பிடுவாள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பருவம் ஆயிற்று. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவள் தட்டைத் தட்டி, "துன்னு" என்றாள். அவள் முட்டையை முழுசாக எடுத்துக் கடித்தாள். அந்தப் பெண் என்னிடம் ஓடி வந்து, "துன்னுட்டா டீச்சர்!" என்று சந்தோஷமாகச் சொன்னாள். நானும் பல்லைக் காட்டினேன். உள்ளே வெந்துகொண்டிருந்தது.

அந்த மனிதர் அப்படி என்னதான் செய்துவிட்டார் என்று தடுப்பில் காதை வைக்காத குறையாகக் கேட்டேன். ஒன்றுமே செய்யவில்லை. சிறப்புக் கல்வியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது அவருக்கு. மற்ற பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில், "நோட்ட எடு" என்பார். அவளும் எடுத்தாள். "இன்னா கிறுக்கியிருக்க? அழகா எழுது" என்பார். அழகாகக் கிறுக்கினாள். அவருடைய வகுப்பிலும் தலைமை சுற்றி வரும், தினம் ஒரு லீடர். வருகைப் பதிவு வரிசையில் அவள் முறையும் வந்தது. அவளை விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. அன்றைக்கு லீடர் என்ற முறையில் எல்லோருடைய நோட்டையும் வாங்கி அடுக்கியவள், சாயங்காலம் வரை ஒருவருக்கும் திருப்பித் தரவில்லை. வகுப்பே கெஞ்சியது. வாத்தியாரும் கெஞ்சினார். "லீடரம்மா, என் நோட்டயாவது குடும்மா." அப்போது அவள் சிரித்தாள். வாய்விட்டு, மூச்சு முட்ட, நான் அதுவரை கேட்டேயிராத ஒரு சிரிப்பு. இரண்டு வருடம் மடியில் வைத்துக் காத்த எனக்கு அது பலகை வழியாகத்தான் கிடைத்தது.

வீட்டில் போய், "அந்தாளுக்கு ஒரு மண்ணும் தெரியாது" என்று குமுறினேன். வீட்டுக்காரர், "நல்லதுதானே, உனக்கு வேலை குறைஞ்சுது" என்றார். காப்பி டம்ளரை நான் வைத்த வேகத்தில் மேஜையெல்லாம் காப்பி.

ஆள் அனுப்பிக் கூப்பிடுவதும் நின்றுவிட்டது. உங்க பாப்பா என்ற பேச்சே பள்ளியில் இல்லை. எங்க க்ளாஸ் பொண்ணு என்றார்கள். ஆனால் என்னிடம் ஒன்று மிச்சமிருந்தது. வலிப்பு. அது வந்தால் அந்த மனிதரின் கைகால் ஆடும், பிள்ளைகள் அலறுவார்கள், நான்கு பேர் என் அறைக்கு ஓடி வருவார்கள். அவளுக்கு வலிப்பு வர வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை, சாமி சத்தியமாக இல்லை. மாத்திரை சரியாகக் கொடுக்கிறார்களா என்று அந்த அம்மாவை நச்சரித்ததும் நான்தான். ஆனால் வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்பதைத் தினமும் ஒருதரம் நினைத்துக்கொள்வேன். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளிதான் இருந்தது என்று எனக்கும் தெரியும்.

அரைப் பரீட்சைக்கு முந்தின வாரம். மழை பெய்து ஓய்ந்த மதியம். அந்த வாரத் தலைமை கணக்கு வாத்தியார்தான். என் அறையில் இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு மணி கோக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பில் பெஞ்சு இழுபடுகிற சத்தம் கேட்டது. ஏதோ குழு வேலை செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் அமைதி. பிறகு வகுப்பு முழுக்கச் சேர்ந்து, கத்தாமல், தாழ்ந்த குரலில், இழுத்து இழுத்து வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தது. ஓர் பன்னெண்டு பன்னெண்டு. ஈர் பன்னெண்டு இருவத்தி நாலு.

எனக்கு ஏளனமாக இருந்தது. சுவரில் பெரிய திரை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள், பரீட்சை தலைக்குமேல் நிற்கிறது, இந்த மனிதர் மதியத் தூக்கத்துக்கு வாய்ப்பாடு சொல்ல வைக்கிறார். இவரைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். பன்னிரண்டு முடிந்தது. பதின்மூன்று தொடங்கியது. இத்தனை மெதுவாக யாராவது வாய்ப்பாடு சொல்வார்களா? பதினான்கு வந்தது. ஏழு பதினாலு தொண்ணூத்தெட்டு என்பதோடு குரல்கள் நின்றுபோயின. அடுத்த வரி வரவே இல்லை.

"வாத்தியாருக்கே மறந்துபோச்சு போல" என்று மணி கோக்கிற பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தேன். அவர்களும் விவரம் தெரியாமல் கூடச் சிரித்தார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என் வாசலைத் தாண்டி ஆபீஸ் பக்கம் வேகமாகப் போனாள். சற்றுப் பொறுத்துத் தலைமையாசிரியை என் வாசலைத் தாண்டி ஐந்தாம் வகுப்புக்குப் போனார். எனக்குக் கையசைத்துவிட்டுத்தான் போனார். பாவம், பாதி வாய்ப்பாட்டில் மாட்டிக்கொண்டார் மனிதர் என்று இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன்.

அந்தச் சந்தோஷம் தாங்காமல்தான் கத்திரிக்கோல் கேட்கிற சாக்கில் அங்கே போனேன். பெஞ்சுகள் ஓரமாக ஒதுங்கியிருந்தன. நடுவில் ஒரு பாயில் அவள் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு யாருடைய பையோ. கழுத்துப் பட்டன் தளர்ந்திருந்தது. கடைவாயில் வழிந்ததைத் துடைத்த கைக்குட்டை பக்கத்தில் மடித்து வைத்திருந்தது. மற்ற பிள்ளைகள் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே காலெடுத்து வைத்ததும், அன்றைக்கு லீடராக இருந்த பெண் உதட்டில் விரலை வைத்து என்னை நிறுத்தினாள். என்னை.

வாத்தியார் நுனிக்காலில் நடந்து வாசலுக்கு வந்தார். "ஃபிட்ஸு வந்துது டீச்சர். பதினாலு முடியறதுக்குள்ள நின்னுபோச்சு" என்றார் கிசுகிசுப்பாக.

"என்ன பதினாலு?"

"வாய்ப்பாடு டீச்சர். கடிகாரம் ஓடலல்ல? பன்னெண்டுல ஆரம்பிச்சு பதினாறு வரைக்கும் மெதுவா சொன்னா அஞ்சு நிமிஷம் ஆவுது. வூட்ல செல்லுல டயம் வெச்சு, எம்பொண்ண சொல்ல வெச்சுப் பாத்தேன். பதினாறு முடிஞ்சும் நிக்கலன்னா ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணணும்னு பசங்களுக்குச் சொல்லி வெச்சிருந்தேன். வாய் வாய்ப்பாட்டச் சொல்லும்போது கத்தத் தோணாதுல்ல? எனக்கே பயம் தெரியல டீச்சர். இங்க பாருங்க." கையை நீட்டிக் காட்டினார். ஆடத்தான் செய்தது, லேசாக.

நான் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூடத் தப்பாமல் செய்திருந்தார்கள். நான் அவர் பாடு என்று விட்டதையும் அவர் பார்த்துக்கொண்டார். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அடுத்த பயிற்சியில் மேடையேறி நானே புகழ்ந்திருப்பேன். அந்த நிமிடத்தில் என் நெஞ்சில் இருந்ததெல்லாம் ஒரே கேள்விதான்.

"ஏன் சார் என்னைக் கூப்பிடல?"

அவர் உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, பதிலைத் தேடிப் பார்த்தார். "பக்கத்து ரூம்லதான இருந்தீங்க" என்றார். பிறகு, "தோணவே இல்ல டீச்சர். பசங்களுக்கும் தோணல. எங்க மேடத்துக்கும் தோணல பாருங்க" என்று ஏதோ நல்ல சேதி சொல்கிறவர்போல முகம் மலர்ந்தார். அவர் கணக்குப்படி அது நல்ல சேதிதான்.

நான் கதவோரம் நின்றேன். போகவும் கால் வரவில்லை, உள்ளே போய் உட்கார எனக்கு அங்கே இடமும் இல்லை. தூக்கத்தில் அவள் கை எதையோ துழாவியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுதுவதை நிறுத்தாமலே தன் இடது கையைக் கொடுத்தாள். அவள் அதைப் பிடித்துக்கொண்டு மறுபடி தூங்கிப்போனாள். எனக்குக் கை கொடுத்த அந்தப் பெண்ணைப் பிடித்து எழுப்பிவிட்டு அந்த இடத்தில் உட்கார வேண்டும் போலிருந்தது. பத்து வயதுப் பிள்ளைமேல் அப்படியொரு வயிற்றெரிச்சல்.

ஆபீஸிலிருந்து போன் போனதும் அவள் அம்மா வந்துவிட்டார். விரலெல்லாம் கறுப்பு வண்ணம், முந்தானையில் மண்ணின் வெள்ளைத் தூள். வழக்கமாக இப்படி வரும்போது அழுதுகொண்டேதான் வருவார். அன்றைக்கு அழவில்லை. நேரே உள்ளே போய் மகளைத் தொட்டுப் பார்த்தார். லீடர் பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். கண்ணு, ராசாத்தி என்று ஒவ்வொரு பிள்ளையாகத் தலையைத் தொட்டார். வாத்தியாரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "மேடம் போன்லயே எல்லாம் சொன்னாங்க சார். நான் பதறாம வந்தேன். இவ பொறந்ததுல இருந்து இதுதான் மொத தபா." வாத்தியார் கம்பியை எடுத்துக்கொண்டு மணியடிக்கப் போனார்.

திரும்பும்போதுதான் அந்த அம்மா கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம். ஒரு பொய்யும் கிடையாது அந்த முகத்தில்.

"அடடே, டீச்சர்! நீங்க இன்னைக்கு வரலன்னுல்ல நெனச்சேன். எப்ப வந்தீங்க?"

காலை வழிபாட்டிலிருந்து அந்தப் பலகைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். வாய்ப்பாட்டை ஒரு வரி விடாமல் கேட்டேன்.

"இப்பதாம்மா வந்தேன்" என்றேன்.